தீ ஏற்றக் கூடாத இடத்துக்கு ஒரு நேர்ச்சை

மகளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியதும் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வந்த அன்றைக்கே என் மனைவி பிலோமி ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டாள். “மலைமாதாவுக்கு நேந்தத செலுத்தாம இந்தப் பிள்ளைய நான் ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ மாட்டேன். தலைப்பிரசவம். வெளையாட்டு இல்ல.”

நேர்ந்தவன் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் நானும் பிலோமியின் தம்பி அருளப்பனும் வள்ளத்தில் போயிருந்தபோது மிஷின் நின்றுவிட்டது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எங்களைக் கரையைவிட்டுத் தள்ளிக்கொண்டே போனது. வழி காட்டும் ஜி.பி.எஸ். பெட்டியும் நனைந்து செத்துப் போயிற்று. விடிந்தபோது கரை தெரியவில்லை. மேற்கே மலை மட்டும் நீலமாகத் தெரிந்தது. அதன் நெற்றியில் அந்த வெள்ளைப் பொட்டு. அதைப் பிடித்துத்தான் துடுப்பு போட்டோம். “தாயே, கரை சேத்துட்டன்னா உன் காலடிக்கே வந்து மெழுகுதிரி ஏத்துதேன்” என்று வாய்விட்டுச் சொன்னேன். அருளப்பன் சாட்சி.

கூடங்குளத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்த ஊர் எங்களுடையது. எங்கள் ஆட்கள் கடலில் இடம் பார்ப்பது கணியத்தை வைத்து. கரையில் ஒரு கோபுரம், அதன் பின்னால் மலையில் ஓர் அடையாளம், இரண்டும் ஒரே கோட்டில் வந்தால் கீழே இன்ன பாறை, இன்ன மீன் என்று சொல்லிவிடுவார்கள். இப்போது அணுமின் நிலையத்தின் உருண்டைத் தலைகூடக் கணியம்தான். மலையில் இருந்த அந்த வெள்ளைப் பொட்டு காலை வெயில் படும்போது கொஞ்ச நேரம்தான் மின்னும். அது மாதா கோயில் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கப்பலில் வேலை பார்த்த ஒருவர் பைனாகுலரில் பார்த்துவிட்டு, உச்சியில் குருசு, அதாவது சிலுவை, இருக்கிறது என்று சத்தியம் பண்ணியிருந்தார். வலை வீசுமுன் அந்தப் பக்கம் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வது எங்கள் பழக்கம்.

மலையேற வனத்துறைக்குக் கொடுக்கப் பங்குச் சாமியாரிடம் கடிதம் கேட்டபோது, “அங்கே நம்ம கோயில் இருப்பதாக எனக்குத் தெரியலையே” என்றார். ஆனாலும் எழுதித் தந்தார். ஊருக்குப் புதியவர், தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள். அருளப்பனும் கூட வந்தான். தவக்காலம் என்பதால் நான் தேநீரை விட்டிருந்தேன். நாற்பது வருடப் பழக்கத்தை விட்டால் தலை எப்படி வலிக்கும் என்பது விட்டவனுக்குத்தான் தெரியும். திருநெல்வேலியில் பஸ் மாறி உட்கார்ந்ததும் பக்கத்தில் மேலப்பாளையத்துப் பாய் ஒருவர் வந்து உட்கார்ந்தார். துணி வியாபாரம். வழியில் கியர் விழாமல் பஸ் ஒரு வாழைத் தோட்டத்தின் ஓரம் நின்றுபோனது. எல்லாரும் இறங்கித் தேநீர்க் கடையைத் தேடிப் போனார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் நிழலில் நின்றோம்.

“எனக்கு ரமலான் நோன்பு. நீங்க ஏன் அண்ணாச்சி போவல?” என்று கேட்டார்.

“எங்களுக்குத் தவக்காலம் பாய்.”

“அப்பச் சரி. ரெண்டு பேரும் வாய மூடிட்டு நிப்போம். அல்லா ஒரே கணக்காப் பாத்துக்கிடட்டும்.”

அருளப்பன் இரண்டு வடையும் ஒரு தேநீருமாக வந்து எங்கள் முன்னால் நின்று ஊதி ஊதிக் குடித்தான். “ஏலே, அங்கன போய்க் குடியேன்லே” என்றேன். “இங்கனதான் அத்தான் நெழல் இருக்கு” என்றான். பாய் சிரித்துவிட்டார். டிரைவர் கம்பியை வைத்து எதையோ நெம்பி ஒருவழியாகப் பஸ்ஸைக் கிளப்பினார். கண்டக்டர் ஆம்பிளைகளை எல்லாம் தள்ளச் சொன்னார். நோன்பாளிகளும் தள்ளினோம்.

மலையடிவாரத்து விக்கிரமசிங்கபுரத்தில் இறங்கியபோது மில் விட்ட நேரம். சைக்கிள்கள் கூட்டமாக மணியடித்துக்கொண்டு போயின. உள்ளூர்க்காரர்கள் மலையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாங்கள் கடலைப் பார்க்காமல் நடப்பதுபோலத்தான். சாயங்காலம் தாமிரபரணியில் குளித்தோம். அருளப்பன் மல்லாந்து மிதக்கப் பார்த்து முங்கிவிட்டான். “என்னத்தான் இது, தண்ணி தாங்கவே மாட்டேங்குது! உப்பில்லாத தண்ணி ஒரு தண்ணியா?” என்று மூக்கைச் சிந்தினான். எனக்கு அந்தத் தண்ணீர் பிடித்திருந்தது. கையில் அள்ளி அப்படியே குடிக்கலாம் என்பதை நம்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அணை மீன் குழம்பு என்றார்கள். வாயில் வைத்தால் சேற்று வாசம். தவக்கால ஒறுத்தல் என்று நினைத்து விழுங்கினேன்.

இரண்டாம் நாள் காலையில் வனத்துறை அலுவலகத்தில் சாமியாரின் கடிதத்தைக் கொடுத்தோம். ஃபாரஸ்டர் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“எந்தக் கோயில்?”

நான் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினேன். அங்கிருந்து பொட்டு தெரியவில்லை. ஆனாலும் அந்தச் சரிவும் அதன் மேல் மொட்டைத் தலையும் எனக்குத் தெரியும். முப்பது வருடம் பார்த்த மலை.

“அய்யா, அது கோயில் இல்ல. தீ பாக்கிற குடில். காட்டுல தீ புடிச்சா மேல இருந்து பாத்துச் சொல்லுத இடம். மாதாவும் இல்ல, மாரியும் இல்ல. ஒரு வாச்சர் இருக்காரு, பேரு இசக்கிமுத்து.”

அருளப்பன் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த புலிப் படத்தைப் பார்த்தான். என் அப்பா, அவர் அப்பா, எத்தனை பேர் அந்தக் குடிலைப் பார்த்துச் சிலுவை போட்டார்கள்! வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.

“திரும்பிருவோம் அத்தான். நம்ம ஊர்க் கோயில்லயே ஏத்திருவோம். அக்காகிட்ட நான் சொல்லுதேன்.”

“என்ன சொல்லுவ?”

நான் யோசித்துப் பார்த்தேன். நான் நேர்ந்தது எங்கள் ஊர்க் கோயிலுக்கு இல்லை. அங்கே தெரிந்த அந்த இடத்துக்கு. அது என்னவாக இருந்தாலும் அதைப் பார்த்துத்தான் கரை சேர்ந்தோம். சொன்ன சொல் அங்கேதான் நிற்கிறது.

திரும்ப உள்ளே போய் ஃபாரஸ்டரிடம் கடல், காற்று, மகள் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர். வேடிக்கை பார்க்க யாரையும் மேலே விடுவதில்லை என்றார். பிறகு, நாளைக்குச் சாமான் மேலே போகிறது, சுமக்க ஆள் குறைவு, சுமையாளாகப் போவதென்றால் போங்கள் என்றார். சுமை என்பது அரிசி, பருப்பு, இரண்டு டின் பெயின்ட். “பெரிய ஆபீசர் பாக்க வாராரு. அதுக்குள்ள அடிச்சு முடிக்கணும்னு இசக்கிமுத்துட்ட சொல்லிருங்க.”

மூன்றாம் நாள். செக்போஸ்டில் கார்டு என் பையைத் துழாவி மெழுகுதிரிக் கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்தார். அருளப்பனிடமிருந்து பீடிக்கட்டு. “தீப்பெட்டி, பீடி ரெண்டும் இங்கன இருக்கட்டும். காடு காஞ்சு கெடக்கு.” மெழுகுதிரியை உருட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே தந்தார். “இத வச்சிக்கிடும். தீ இல்லாட்டி இது வெறும் குச்சிதானவே.”

வனத்துறை ஜீப் பாதி வழியில் சூடேறி நின்றது. தண்ணீர் ஊற்றி, தள்ளி, மறுபடி தண்ணீர் ஊற்றி, ஓடை வரைக்கும் கொண்டு போனோம். அதற்கு மேல் நடை. வழியைச் சொல்ல மாட்டேன், மலையின் பேரையும் சொல்ல மாட்டேன். காரணம் பிறகு வரும். கடலில் நாள் முழுக்க வலை இழுக்கிறவன் என்ற கர்வம் எனக்கு இருந்தது. மலையேற்றம் அதைப் போல இல்லை. டின்னைத் தோளில் வைத்தால் தோள் போகிறது, தலையில் வைத்தால் கழுத்து போகிறது. அருளப்பன் அரிசி மூட்டையோடு ஒவ்வொரு பாறையிலும் உட்கார்ந்தான். “மாதா இருந்தாலாச்சும் ஏறலாம். சர்க்கார் குடிலுக்கு எதுக்குத்தான் இந்தப் பாடு?”

உச்சியில் மரமே இல்லை. இடுப்பளவு காய்ந்த புல். நடுவில் ஒரு கல் வீடு, எங்கள் வள்ளத்தை நிறுத்தினால் உள்ளே அடைந்துவிடும், அவ்வளவுதான். தகரக் கூரை. நான்கு பக்கமும் ஜன்னல். சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. கூரையில் ஒரு கம்பம், அதில் குறுக்காக ஒரு கம்பி. வயர்லெஸ்ஸுக்கு நட்டது. அதுதான் எங்கள் குருசு.

இசக்கிமுத்து வாசலில் நின்றார். ஐம்பத்தைந்து இருக்கும். ஒரு முட்டில் துணி சுற்றியிருந்தார். நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை. அதற்கே அவர் காலில் விழலாம் போலிருந்தது.

“மெழுகுதிரி ஏத்தணும்” என்றேன். “உள்ள, கதவச் சாத்திட்டு. ஒரு நிமிசம் போதும்.”

“அண்ணாச்சி, இங்கன நான் சோறே ஆக்குததில்ல. கீழ ஓடைல விடியுமுன்ன ஆக்கி, தண்ணி ஊத்தி அணைச்சிட்டு, தூக்குச்சட்டில கொண்டாருவேன். எங்க அப்பாவும் அப்படித்தான். பீடி பத்தவச்சவனக்கூட அடிச்சு எறக்கியிருக்காரு. உங்க சாமி கேட்டாலும் சரி, எங்க சாமி கேட்டாலும் சரி, இந்த மாசத்துல இந்தப் புல்லுக்கு நடுவுல தீ கெடையாது.”

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் அலுப்பும் அப்போதுதான் உடம்பில் இறங்கியது. அவர் தூக்குச்சட்டியைத் திறந்து பழைய சோறும் சுண்டைக்காய் வற்றலும் வைத்தார். சாப்பிடும்போது கிழக்கே பார்த்தேன். வயல், குளம், ஊர், செம்மண் காடு, கடைசியில் நரைத்த கோடு மாதிரிக் கடல். எங்கள் கோபுரத்தைத் தேடினேன். அங்கிருந்து இது தெரிந்தது. இங்கிருந்து அது தெரியவில்லை.

அந்த மத்தியானம் இசக்கிமுத்து சொன்னதுதான் அந்தக் குடிலின் கதை. கண்ணைக் காட்டைவிட்டு எடுக்காமலே பேசினார்.

முதலில் அங்கே வெறும் பரண்தானாம். வெள்ளைக்காரன் காலத்தில், அப்போது அங்கே நின்ற இரண்டு மரத்துக்கு நடுவே கட்டியது. காற்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. பிறகு ஓடையிலிருந்து கல் சுமந்து இந்த வீட்டைக் கட்டினார்கள். பெண்கள்தான் தலையில் சுமந்தார்கள். சுண்ணாம்பில் கருப்பட்டித் தண்ணீர் விட்டு அரைத்த சாந்து. “கருப்பட்டி உங்க தேரிக்காட்டுப் பக்கம் இருந்து வந்ததாம். எங்க அப்பா சொல்லுவாரு.” தீ கண்டால் வட்டக் கண்ணாடியை வெயிலில் ஆட்டிக் கீழே வனத்துறை பங்களாவுக்குக் காட்ட வேண்டும். ஒரு மின்னல் என்றால் புகை, இரண்டு என்றால் ஆள் அனுப்பு. மேகம் மூடினால் ஓட வேண்டியதுதான். அப்புறம் தொலைபேசிக் கம்பி இழுத்தார்கள். யானை அதைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் வயர்லெஸ்.

“இப்ப?”

சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துக் காட்டினார். “இப்ப மேல ஆகாசத்துல இருந்து எவனோ பாக்கான். நான் பாக்குமுன்ன இதுல செய்தி வந்துருது. சில சமயம் பாறை சுட்டாக்கூடத் தீங்கும். அதான் என்னைய வச்சிருக்காங்க, ‘இல்லய்யா, அது பாறை’ன்னு சொல்ல.”

சுண்ணாம்பு எப்போது அடித்தார்கள் என்று கேட்டேன். அவர் கீழே ஒரு சரிவைக் கைகாட்டினார்.

“முன்ன இது கறுத்த கல்லுதான். ஒரு வருசம் அந்தச் சரிவுல தீ. எங்க அப்பாவும் சுடலைன்னு ஒருத்தரும் அடிச்சு அணைக்கத் தழைய ஒடிச்சிட்டு எறங்குனாங்க. காத்து திரும்பிட்டு. ஒரே புகை. அப்பா எப்படியோ தவழ்ந்து ஏறி வந்துட்டாரு. சுடலைக்குக் குடில் எந்தப் பக்கம்னே தெரியல. மறுநாள் பாத்தா, அந்தா, அந்தப் பாறைகிட்டக் கெடந்தாரு. இங்கன இருந்து சத்தம் கொடுத்தா கேக்குத தூரம்.”

நான் அந்தப் பாறையைப் பார்த்தேன். என் மனதில் வந்ததெல்லாம் கடலில் போன எங்கள் ஆட்கள்தான்.

“அடுத்த வருசம் அப்பா சொந்தமா சுண்ணாம்பு சுமந்து வந்து நாலு பக்கமும் அடிச்சாரு. யாரும் சொல்லிச் செய்யல. புகைக்குள்ள போனவனுக்குத் திரும்பி வர வழி தெரியணும்லா. அவரு இருக்க மட்டும் அவரு அடிச்சாரு, அதுக்குப் பொறவு நான். கோடைக்கு முன்ன, வருசா வருசம்.”

அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான். நான் சட்டென்று எழுந்து, நாங்கள் தூக்கி வந்த டின்னைத் திறந்தேன். கரும்பச்சை.

“சுவரு, கூரை எல்லாம் பச்சை அடிக்கச் சொல்லியிருக்காங்க” என்றார் இசக்கிமுத்து.

“கிழக்குச் சுவரையாவது விட்டுருங்க” என்றேன். என் குரல் எனக்கே பிச்சைக்காரன் குரல் மாதிரி இருந்தது. “எங்க ஊரே இதப் பாத்துத்தான்…”

“அண்ணாச்சி, போன வருசம் நாலு பேரு கீழ ரோட்டுல இருந்து இந்த வெள்ளையப் பாத்துட்டு, திருட்டு வழில ஏறி வந்தானுவ. கோழி சுட்டிருக்கானுவ. நான் பாக்கும்போது அந்தா அந்தப் புல்லு எரியுது. ஒத்த ஆளா அணைச்சேன். அதுலதான் இந்த முட்டு போச்சு. வெள்ளையா இருந்தா வந்துக்கிட்டேதான் இருப்பானுவ. சர்க்கார் சொல்லுததுல தப்பு இல்ல.”

“அப்ப ஏன் நீங்க இன்னும் அடிக்கல? முன்னமே ஒரு டின் வந்திருக்கே.” மூலையில் திறக்காத டின் இருந்ததைப் பார்த்துத்தான் கேட்டேன்.

“முட்டு வலிக்கி” என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அது முட்டு வலி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அப்பா அடித்த வெள்ளை. அதன் மேல் மகன் கை எப்படிப் போகும்? ஆபீசர் வரும் நாளோ நெருங்கிவிட்டது. தற்காலிக வேலைதான் அவருக்கு, ஒரு சொல்லில் போய்விடும்.

நான் குடிலின் பக்கம் திரும்பி ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொன்னேன். பிறகு சட்டையைக் கழற்றினேன். “எனக்குத்தான் இந்த இடத்துக்கு நேர்ச்சை இருக்கு. பிரஷ் எங்க?”

“அத்தான்! நம்ம கையாலயா?” என்றான் அருளப்பன்.

“பிடிலே ஏணிய.”

கிழக்குச் சுவரை முதலில் அடித்தேன். அதைக் கடைசிக்கு வைத்தால் என்னால் முடியாது என்று பட்டது. வள்ளத்துக்கு வருடந்தோறும் பெயின்ட் அடிக்கிற கைதான். இசக்கிமுத்து எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேலை அதுதான், ஆனாலும். மறுநாள் மத்தியானம் நான்கு சுவரும் கூரையும் முடிந்தன. கீழிறங்கிக் கொஞ்ச தூரம் வந்து திரும்பிப் பார்த்தோம். மலைதான் இருந்தது.

புறப்படுமுன் மெழுகுதிரிக் கட்டைப் பையில் வைக்கப் போனேன். இசக்கிமுத்து கையை நீட்டினார். “வச்சிட்டுப் போங்க. நல்லா ரெண்டு மழை விழுந்து புல்லு பச்சையானதும் நான் ஏத்துதேன். எனக்கு உங்க மந்திரம் தெரியாது. பரவால்லயா?” என் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பிலோமியிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. கோயில் இல்லை என்றேன். திரி ஏற்றவில்லை என்றேன். பொட்டை அழித்தவன் நான் என்றேன். அவள் நெடுநேரம் மீன் செதில் உரசிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அங்க மழை எப்ப விழும்?”

அன்றிலிருந்து அவளுக்கு அதே வேலை. மேற்கே இருந்து வருகிற வாழைக்காய் வண்டிக்காரரிடம், பஸ் கண்டக்டரிடம், “உங்க பக்கம் மழையா?” என்று கேட்பாள். இந்த வருடம் கோடை மழை ஏமாற்றிவிட்டது. மகளுக்கு ஒன்பது மாதமும் ஆயிற்று. கடற்கரையில் பெரியவர்கள், “மலைமாதா கண்ண மூடிட்டா, என்ன குத்தமோ” என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. இதை வாசிக்கிற நம் கடற்கரைச் சனத்துக்கு இப்போதுதான் சொல்கிறேன். மன்னிக்க வேண்டும்.

மகளை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிய நாளுக்கு முந்தின சாயங்காலம், பையெல்லாம் கட்டி வைத்திருக்கும்போது போன் வந்தது. காற்றுச் சத்தத்தில் முதலில் ஆளே விளங்கவில்லை.

“அண்ணாச்சி, இசக்கிமுத்து பேசுதேன். இங்கன மழை புடிச்சிட்டு, புல்லும் பச்சையாயிட்டு. வயர்லெஸ் பேட்டரிய எறக்க வந்தேன். அப்படியே உங்க மெழுகுதிரிய ஏத்திட்டேன். மூணு தடவ அணைஞ்சிட்டு. வாசல்ல காத்துக்கு முதுகக் காட்டிட்டு நிக்கேன், இப்ப எரியுது. இது எம்புட்டு நேரம் எரியணும்?”

மழை தொடங்கிவிட்டால் தீக்காவல் கிடையாது. அந்த முட்டோடு அவர் மேலே ஏற வேண்டிய அவசியமே இல்லை. பேட்டரிக்கு வேறு ஆள் போகலாம். பிலோமி போனைப் பிடுங்கினாள்.

“தம்பி, நான் அவுக வீட்டுக்காரி. ஏத்துனதே போதும். நீங்க நனையாதீங்க, அணைச்சிட்டு உள்ள போங்க.”

“இல்லக்கா. பாதிதான் எரிஞ்சிருக்கு” என்றார். “நீங்க உங்க மந்திரத்தச் சொல்லுங்க. முடியுத வரைக்கும் நிக்கேன்.”

பிலோமி போனை மேசை மேல் வைத்துவிட்டு முழங்காலில் நின்றாள். மகளும் சுவரைப் பிடித்துப் பைய உட்கார்ந்தாள். நாங்கள் செபமாலை தொடங்கினோம். போனுக்குள் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.